கடலடியில் மடிந்த மலைப் பாறைகள்

மலைப் பாறையில் அடுக்குகள் வளைந்து மடிந்து கிடந்தால், புவித்தட்டுகள் மோதி நெருக்கியதுதான் காரணம் என்று படித்திருப்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் சில மடிப்புகள் மலை எழுவதற்கு வெகுகாலம் முன்பே, பாறை இன்னும் சேறாக இருந்தபோதே, கடலுக்கடியில் உண்டானவை.

வட வேல்ஸின் டென்பிஷையர் மேட்டுநிலத்தில், சுமார் 42 கோடி ஆண்டுகளுக்கு முன் சிலூரியன் காலக் கடலில் படிந்த வண்டலும் மணலும் இன்று பாறையாக நிற்கின்றன. அவற்றில் குழம்பிக் கிடக்கும் அடுக்குகள் கடலடிச் சரிவால் வந்தவை என்று 1937-இல் எழுதினார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஓ. டி. ஜோன்ஸ். அதே நிலத்தை ஆராய்ந்துவந்த பெர்சி பாஸ்வெல் இதை ஏற்கவில்லை. பிற்காலத்து நில நெருக்கமே காரணம் என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் பெரிதும் ஜோன்ஸ் பக்கமே சாய்ந்தார்கள்.

வண்டல் வேகமாகக் குவியும்போது இடையில் சிக்கிய நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடுகிறது. துகள்களின் பிடிப்பு தளர்கிறது. ஒரு நிலநடுக்கம் போதும், 1 பாகைச் சாய்வில்கூடச் சேறு நழுவிவிடும். 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே இப்படி நடந்த சரிவு, கடலடித் தந்திக் கம்பிவடங்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தது. அது எழுப்பிய சுனாமியில் 28 பேர் இறந்தார்கள்.

நழுவும் திரளின் தலைப்பகுதி இழுபட்டுக் கிழியும். கீழ்முனை தடைபட்டு நிற்க, பின்னால் வருவது அதன்மேல் நெருக்க, அடுக்குகள் தள்ளிவிட்ட ஜமக்காளம் போல மடிகின்றன.

பாறையில் இதை எப்படி அடையாளம் காண்பது? மடிந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ளவை குலையாமல் இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. மலையை எழுப்பிய நெருக்கம் நடு அடுக்கை மட்டும் மடித்துவிட்டு மற்றவற்றை விட்டுவைப்பது அரிது. மேலே படிந்த மணல் மடிப்பின் முகட்டை வெட்டிச் சமன்செய்து, பள்ளங்களை நிரப்பியிருந்தால் ஐயம் பெரிதும் தீரும்: மடிப்பு முந்தியது, மணல் பிந்தியது. புழுக்கள் குடைந்த வளைகள் மடிப்பை ஊடறுத்து நேராகச் சென்றால் அதுவும் வலுவான சாட்சி. மடிந்த பிறகும் அது உயிர்கள் குடையும் மென்சேறாகவே இருந்திருக்கிறது.

ஆயினும் பாஸ்வெலின் தயக்கம் நியாயமானதே. பின்னால் மலை எழுந்தபோது அந்த நெருக்கம் பழைய மடிப்புகளையும் இறுக்கித் திருகிவிட்டது. அதனால் இன்றும் ஒற்றை மடிப்பை நம்பாமல் பல மடிப்புகளின் சாய்வை அளந்து, பிற்காலச் சாய்வைக் கணக்கில் கழித்த பிறகே, அந்தப் பழங்கடலின் தரை எந்தத் திசையில் இறங்கியது என்று சொல்ல முனைகிறார்கள்.