கடல்நீர் ஆலையில் வில்லன் உப்பு இல்லை, தெரியுமா?

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, தெற்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் விழிஞ்ஞம். இன்று அங்கே பெரிய துறைமுகம். ஆனால் 1990களிலேயே சென்னை ஐ.ஐ.டி. அங்கே கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுத்தது தெரியுமா? பின்னாளில் அதே அலை மின்சாரத்தில் கடல்நீர் குடிநீரும் ஆனது, நாளுக்கு 10,000 லிட்டர்!

இப்படிக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது சாப்பாட்டு உப்பு என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! அது சமர்த்தாகக் கரைந்தே கிடக்கும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவே உள்ள கால்சியம்தான் வம்புக்காரன். சூடாக்கினால் சர்க்கரை நன்றாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் கல்லாகி ஒட்டிக்கொள்ளும். உங்கள் வீட்டு ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் பிடித்திருக்கிறதே, அதேதான்.

வளைகுடா நாடுகளில் கடல்நீரைக் கொதிக்கவைக்கும் ஆலைகளில் இதைத் தேய்த்தெடுக்க யாரை அனுப்புகிறார்கள் தெரியுமா? ஸ்பாஞ்ச் பந்துகளை! குழாயின் உள்வாயைவிடப் பந்து கொஞ்சம் பெரிது. நீரோட்டம் தள்ள, பிதுங்கிக்கொண்டே சுவரைத் துடைத்தபடி மறுமுனையில் வந்து விழும். வலை போட்டுப் பிடித்து மறுபடி அனுப்புவார்கள். ஆலையை நிறுத்தவே வேண்டாம்.

இன்னொரு வித்தை ஆன்டிஸ்கேலன்ட் மருந்து. 1,000 லிட்டர் கடல்நீருக்குச் சில கிராம்தான், அதிலுள்ள 400 கிராம் கால்சியத்தை அடக்கிவிடுகிறது! எப்படி? கால்சியத்தை அது நீக்குவதில்லை. படிகம் முளைக்கும்போதே அதன் மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் செய்கிறது. கெடு சில நிமிடங்கள்தான். அதற்குள் கழிவு நீர் கடலுக்குத் திரும்பிவிட்டால் போதும். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் சூடாக்கவே வேண்டாம் என்றால்? லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் கடல்நீர் 28 டிகிரியிலேயே கொதிக்கிறது! காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய அறைக்குள் மேல்மட்ட நீரை விடுகிறார்கள். 350 மீட்டர் ஆழத்துக் குளிர்நீரால் ஆவியைக் குளிர்விக்கிறார்கள். 100 லிட்டரில் 1 லிட்டர் அளவே ஆவியாகிறது, மிச்சம் அப்படியே கடலுக்கு. நீர் கெட்டியாவதும் இல்லை, சூடேறுவதும் இல்லை, படிவது எங்கே?

சென்னையிலும் அப்படியே செய்யலாமே என்பீர்கள். அங்கே ஆழம் கரையோரம் கிடையாது. 2007-இல் இதைச் செய்துபார்க்க ஆலையை ஒரு மிதவையில் ஏற்றி, சுமார் 40 கிலோமீட்டர் கடலுக்குள் கொண்டுபோனார்கள்! சென்னையின் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் ஆலைகள் உப்பை வடிகட்டும் மெம்பிரேனை நம்பியிருப்பது சும்மாவா?