முடிவு தெரிந்தும் ஏன் பதறுகிறோம்?

அருள்மொழிவர்மன் கடலில் மூழ்கிவிட மாட்டான் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 985-இல் முடிசூடி, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டப்போகிற ராஜராஜன் அல்லவா அவன்! ஆனாலும் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் இரண்டாம் பாகத்தில், புயலில் எரியும் கப்பலிலிருந்து நண்பன் வந்தியத்தேவனை மீட்க அவன் துணியும் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. சோறு ஆறிப்போகும், புத்தகத்தை மூட மனம் வராது.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்த தொடர் இது. பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்துக்கொண்ட வீடுகள் ஏராளம். அத்தியாயம் ஆபத்தின் நுனியில் நின்றால் ஏன் தவிக்கிறோம்? 1920-களில் பெர்லினில், உளவியலாளர் குர்ட் லெவினிடம் பயின்ற மரியா ஓவ்சியான்கினா, ஆட்களிடம் சிறு வேலைகளைக் கொடுத்து நடுவில் நிறுத்திப் பார்த்தார். யாரும் சொல்லாமலே பெரும்பாலோர் விட்ட வேலையை மறுபடி கையில் எடுத்தார்கள்.

பாதியில் நின்ற கதையும் அப்படித்தான் நம்மை இழுக்கிறது. வாரத் தொடருக்கு இந்த விளக்கம் போதும். முன்பே படித்து முடித்த கதைக்கு? உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி என்பது அந்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவர் பதவி ஏற்காமல் போய்விடுவாரோ என்று சந்தேகம் கிளப்பும் சிறு கதையைப் படித்தவர்கள், ‘அவர் ஜனாதிபதி ஆனார்’ என்ற வாக்கியத்தைச் சரி என்று சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இருக்கும்போது, தெரிந்த உண்மைகூட உடனே நினைவுக்கு வருவதில்லை!

எங்கள் சாயல்குடிப் பக்கத்து வாசகருக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்காற்றுக் காலத்தில் மூக்கையூர்க் கடல் பொங்குவதைப் பார்த்தவர்கள் நாங்கள். படகு திரும்பத் தாமதமானால் கரையில் பேச்சு எப்படி அடங்கிப்போகும் என்பதும் தெரியும். கதைக்களத்தோடு முன்பே பழக்கம் உள்ளவர்கள் அதற்குள் ஆழமாக மூழ்குகிறார்கள் என்று ஆய்வாளர் மெலனி கிரீன் 2004-இல் காட்டினார். கதாபாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுத்தால், படிப்பவர் மூளையில் கையசைவுக்கான பகுதிகளும் கிளர்வதை 2009-இல் நிக்கோல் ஸ்பியர் குழுவினர் ஸ்கேனில் கண்டார்கள். அதே நாவலின் படகுக்காரப் பெண் பூங்குழலி துடுப்பு வலிக்கும்போது, துடுப்பு பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா?

அதனால்தான் கடற்கரைப் பிள்ளைகளுக்கு முதலில் கடல் கதைகளைக் கொடுங்கள் என்று பார்க்கும் ஆசிரியர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.