மண்டியிடும் யானை



பரளச்சி, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் பூமியில் கோடை முற்றினால் கண்மாய்கள் வறண்டுவிடும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஒரு வாளித் தண்ணீர் காட்டுவதன் அருமையை அங்குள்ளோருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யானைக்கோ நாளொன்றுக்கு ஏராளமான தண்ணீர் வேண்டும். ஊர் ஊராகக் கூடாரமடித்த சர்க்கஸ்களில் அது முறையாகக் கிடைத்திருக்குமா என்று சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

யானை முக்காலியில் அமர்வதையும் தலைகீழாக நிற்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டி நாமும் கைதட்டியிருக்கின்றோம். வனத்தில் எந்த யானையும் தலைகீழாக நிற்பதில்லை. அங்குசத்தின் அச்சமே அதனை அவ்வாறு நிற்க வைக்கின்றது. காதின் பின்புறம் போன்ற மென்மையான இடங்களில்தான் அந்தக் கொக்கி குத்தும். கூட்டமாக நடந்து திரியும் அப்பிராணி, வித்தை முடிந்ததும் சங்கிலியில் நின்றபடி ஓயாமல் தலையாட்டும். ‘யானை ஆடுகின்றது’ என்று மகிழ்ந்தோம். அது மன வேதனையின் அடையாளம் என்கின்றனர் மருத்துவர்கள்.

சூரத்துல் ஃபீலின் வரலாறு நாம் அறிந்ததே. அப்ரஹாவின் யானையான மஹ்மூத், கஅபாவின் திசையில் மண்டியிட்டுவிட்டது. இரும்பால் அடித்தும் கொக்கியால் குத்தியும் எழவில்லை என்று இப்னு இஸ்ஹாக் (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். வேறு திசைக்குத் திருப்பியபோது ஓடியதாம்! மதீனாவின் தோட்டமொன்றில் நபி (ஸல்) அவர்களைக் கண்டு ஓர் ஒட்டகம் கண்ணீர் வடித்தது. அதனைத் தடவிக்கொடுத்த நபியவர்கள், அதன் உரிமையாளரான அன்சாரி இளைஞரை அழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிடுகின்றது எனக் கண்டித்தார்கள் (அபூதாவூத்).

நம் நாட்டில் 1998 அக்டோபரில் மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வித்தைக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் வழக்காடினர். 2001இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அந்தப் பட்டியலில் யானை இல்லை! 2009இல்தான் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், சர்க்கஸ் யானைகளை வனத்துறை முகாம்கள் போன்ற இடங்களுக்கு மாற்றுமாறு உத்தரவிட்டது. பின்னர் பல சர்க்கஸ்கள் அங்கீகாரத்தையும் இழந்தன.

சர்க்கஸைக் குறை கூறுவது எளிது. நம் சந்தனக்கூடு ஊர்வலங்கள் சிலவற்றிலும் யானை வருகின்றதே! வாடகை பேசுவோர், அது எத்தனை மணிநேரம் லாரியில் நின்று வந்தது, இறங்கியதும் தண்ணீர் எங்கே இருக்கின்றது என்பவற்றையும் சேர்த்தே விசாரிக்கட்டும்.