சாலையைக் கடக்கும் கணக்கு

பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையை மாணவர்களாகிய உங்களில் பலர் அறிவீர்கள். அதற்கு அணித்தாகவே இருப்புப்பாதையும் செல்கிறது; 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்ட பாதையின் ஒரு பகுதி அது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. புகைவண்டியில் வந்திறங்கும் தொழிலாளருள் பலர் இச்சாலையைக் கடந்தே தீரவேண்டும். என் இளமையில் ஆலைச் சங்கு ஊதியதும் மிதிவண்டிகள் அணிவகுத்துப் புறப்படும். கடப்பவர் கையை உயர்த்தினால் மணியடித்துக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள்.

தலைமையாசிரியனாக இருந்தபோது, காலை வணக்கக் கூட்டத்தில், "இருபுறமும் பார்த்துக் கடங்கள்" என்று நாள்தோறும் சொல்வேன். சொன்னதோடு என் கடமை தீர்ந்தது என்றும் எண்ணியிருந்தேன். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், நின்றிருந்த பேருந்தின் முன்புறமாகக் கடந்து, லாரி மோதிக் கால் முறிந்து கிடந்தான். மருத்துவமனையில் அவன் சொன்னது: "பார்த்தேன் சார், பஸ் மறைச்சிடுச்சு."

அன்றிரவு காகிதமும் பென்சிலுமாக அமர்ந்தேன். நாம் நடப்பது விநாடிக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர். பேருந்தின் மறைவிலிருந்து அவன் இரண்டடி எடுத்து வைக்க ஒரு விநாடி ஆகியிருக்கும். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கும் அதே ஒரு விநாடி வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 11 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்தபின் நிற்க, உலர்ந்த சாலையில் சிறிய காருக்கே சுமார் 9 மீட்டர் தேவை. வேகம் 60 ஆனால் இந்த 9 மீட்டர் 20 ஆகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. பாரமேற்றிய லாரிக்கும், மழை நாளுக்கும் இன்னும் கூடும்.

சாலையை அகலப்படுத்தினால் ஆபத்துக் குறையும் என்பார்கள். வண்டிக்கு அது பொருந்தலாம். 7 மீட்டர் சாலையைக் கடக்க ஆறு விநாடி போதும்; 20 மீட்டருக்குப் பதினேழு விநாடி வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் 280 மீட்டர் வந்துவிடும். அவ்வளவு தொலைவில் உள்ள வண்டியின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிட எனக்கு இயலாது. எட்டாம் வகுப்புச் சிறுவனுக்கு எப்படி இயலும்? நடுவே நின்று கொள்ளத் திட்டு ஒன்று இருந்தால் இப்பதினேழும் இரண்டாகப் பிரிந்து எட்டரையாகும். முதியோருக்கு அந்தத் திட்டே உயிர்.

மறுநாள் முதல் என் அறிவுரை மாறியது: "பேருந்து புறப்பட்டுப் போகட்டும், சாலை முழுதும் தெரிந்தபின் கால் வையுங்கள்." அம்மாணவன் மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தபோது, கரும்பலகையில் இக்கணக்கை அவனையே போடச் சொன்னேன்.