வீடு தேடி வரும் பையும் நம் கையும்



சென்ற கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் மனம் நொந்து பேசினார். "மாமியாருக்குப் படுக்கைப் புண். மருந்து கட்ட நர்ஸம்மா வந்தாங்க. நான் பாய் விரிச்சுப் போட்டேன். அவங்க அதுமேல பேப்பரை விரிச்சுத்தான் பையை வச்சாங்க. கட்டி முடிச்சதும் நேரா வாசலுக்குப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாங்க. எங்க வீட்டைத் தொட்டா அவ்வளவு அசிங்கமா?" என்று கேட்டார்.

கூட்டத்தில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தெருவைப் பார்த்து, சாதியைப் பார்த்து, நம் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த வலி இருப்பதால்தான் இப்படிக் கேட்கத் தோன்றுகிறது. எனவே இந்த மாதம் இதைப் பற்றியே எழுதுகிறோம்.

2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு, செவிலியர் வீட்டுக்கு வருவது நம் ஊர்களில் பழக்கமாகிவிட்டது. சுகரும் பிரஷரும் பார்க்க வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களில் பலர் நம் குழுக்களில் இருந்து போனவர்கள்தான். ஆகவே வீட்டுக்குப் போகிறவரும் நாமே, வீட்டில் இருப்பவரும் நாமே. இரண்டு பேருக்கும் இது தெரிய வேண்டும்.

கை கழுவுவது யாருக்காக?

ஒரு செவிலியர் ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போகிறார். ஒரு வீட்டில் சீழ் வைத்த புண், அடுத்த வீட்டில் பச்சைக் குழந்தை. கிருமி தானாக நடந்து போகாது. கை வழியாக, பை வழியாக, கருவி வழியாகத்தான் போகும்.

1847-ல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் இதைக் கண்டுபிடித்தார். அவருடைய பிரசவ வார்டில் அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் 100 தாய்மாரில் 18 பேர் ஜுரம் கண்டு இறந்தார்கள். காரணம், டாக்டர்கள் பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு பிரசவம் பார்க்க வந்ததுதான். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொன்னார். ஜூன் மாதம் சாவு 100-க்கு இரண்டு என்ற அளவுக்குக் குறைந்தது. அழுக்கு ஏழைத் தாயிடம் இல்லை, டாக்டரின் கையில் இருந்தது. பல டாக்டர்கள் அதை ஏற்கவில்லை, அவர்களுக்கும் மானப் பிரச்சினைதான்!

ஆகவே செவிலியர் வந்ததும் கை கழுவுவது நம் வீட்டு நோயாளியைக் காப்பாற்ற. போகும்போது கழுவுவது அடுத்த வீட்டு நோயாளியையும் அவரையும் காப்பாற்ற.

இதில் தீட்டு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எல்லாத் தெருவிலும், எல்லா வீட்டிலும் ஒன்றுபோலச் செய்கிறாரா என்று கவனியுங்கள். ஒன்றுபோலச் செய்தால் அது சுகாதாரம். நம் தெருவில் மட்டும் செய்தால் அது தீண்டாமை. அதைக் கூட்டமைப்பில் தைரியமாகச் சொல்லுங்கள். நாமும் கேட்போம்.

கழுவும் முறை

சும்மா நனைத்தால் போதாது. சோப்புப் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் தேய்க்க வேண்டும். மொத்தம் 40 முதல் 60 விநாடி ஆகும். குழாய் இல்லாவிட்டால் ஒருவர் சொம்பில் மொண்டு ஊற்றட்டும். வாளிக்குள் கையை விட்டு அலசக் கூடாது. முந்தானையில் துடைத்தால் கழுவியது வீண். சுத்தமான துண்டில் துடையுங்கள், அல்லது காற்றில் உலர விடுங்கள். கையில் அழுக்கு தெரியவில்லை என்றால் சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்த்தாலும் போதும்.

கையுறை போட்டாலும் கழுவத்தான் வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடி. அதை அலசி அடுத்தவருக்குப் போடக் கூடாது.

பையும் கருவியும்

பையைக் கட்டில் மேலோ வெறும் தரையிலோ வைப்பதில்லை. மேசை மேல், அல்லது பேப்பர் விரித்து அதன் மேல். சோப்பும் துண்டும் எடுக்க மேலாக இருக்க வேண்டும். கை கழுவிய பிறகே உள்ளே கை விட வேண்டும். தேவையானதை ஒரே தடவையில் எடுத்து வெளியே வைத்துக்கொண்டால் அடிக்கடி பையைத் தொட வேண்டியிருக்காது.

வெளியே எடுத்த கருவியைத் துடைக்காமல் உள்ளே போடக் கூடாது. தெர்மாமீட்டர், ஸ்டெதாஸ்கோப் இரண்டையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கலாம். சுகர் மிஷினையும் ஒவ்வொருவருக்கும் பிறகு துடைக்க வேண்டும். எதில் துடைப்பது என்று மிஷினோடு வரும் தாளில் இருக்கும். பிரஷர் பட்டையைப் புண் உள்ள கையில் சுற்றக் கூடாது. ரத்தமோ சீழோ பட்டால் தனிக் கவரில் போட்டுக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்த பிறகே அடுத்தவருக்கு.

போகும் வரிசையும் முக்கியம். குழந்தை பெற்ற வீடு முதலில், புண், சீழ் உள்ள வீடு கடைசியில்.

ஊசியில் விளையாட்டு வேண்டாம்

சுகர் பார்க்க விரலில் குத்தும் சின்ன ஊசி ஒருவருக்கு ஒருமுறைதான். "ஒரே குடும்பம்தானே, அப்பாவுக்குக் குத்தினதை அம்மாவுக்கும் குத்தலாம்" என்பது தவறு. ஊசி செருகும் பேனாவையும் இருவர் பகிரக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும். மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும்.

ஆகவே குத்தும் முன் "புது ஊசிதானேம்மா? என் கண்ணு முன்னாடி பிரிங்க" என்று கேளுங்கள். இது மரியாதைக் குறைவு ஆகாது. உள்கடன் வாங்கும்போது கணக்கு நோட்டைக் காட்டச் சொல்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். நம் குழுப் பெண்ணே குத்த வந்தாலும் கேளுங்கள்.

குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போட வேண்டாம். மூடும்போதுதான் விரலில் ஏறும். உடனே மூடியுள்ள, குத்தினால் ஓட்டையாகாத கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். முக்கால் டப்பா நிறைந்ததும் மூடி, செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு ஒப்படைக்க வேண்டும். வீட்டில் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதுவே முறை. குப்பையில் வீசினால் அதைக் கையால் பிரிக்கும் தூய்மைக் காவலருக்குக் குத்தும். அவரும் நம் குழுவில் சந்தா கட்டும் சகோதரியாக இருக்கலாம். அடுப்பிலும் போடாதீர்கள், ஊசி எரியாது.

சீழ் பட்ட பஞ்சும் கட்டுத் துணியும் மஞ்சள் பையில் போக வேண்டியவை. செவிலியர் எடுத்துப் போவார். "இங்கேயே கிடக்கட்டும்" என்று வாங்கி வைக்காதீர்கள்.

குத்திவிட்டால்?

நம் தன்னார்வலர் ஒருவருக்கு, பஞ்சுக்குள் கிடந்த ஊசி குத்தியது. திட்டுவார்களோ என்று பயந்து இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்த அன்றே நாங்கள் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நல்லவேளை, சோதனையில் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவு வரும்வரை அவர் தூங்கவில்லை.

குத்தினால் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அன்றைக்கே, முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார். 72 மணி நேரம் தாண்டினால் அந்த மாத்திரை பயன்படாது. ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. வீடு வீடாகப் போகிற நம் பெண்கள் எல்லாரும் அதைப் போட்டிருக்கிறார்களா என்று குழுவில் விசாரியுங்கள்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

செவிலியர் வரும் நாளில் ஒரு சொம்புத் தண்ணீர், சோப்பு, சுத்தமான துண்டு எடுத்து வையுங்கள். நோயாளிக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், ஆனால் தரையில் படக் கூடாது. பையைக் காலி செய்யும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தச் சகோதரி இப்போது வாசல் திண்ணையில் சோப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் நர்ஸம்மாவுக்குக் காத்திருக்கிறாராம். "அவங்க கழுவினப்புறம் நானும் கழுவுறேன்" என்றார். மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் தினமும் அவர்தானே!

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் கை கழுவும் முறையைச் செய்தே காட்டுங்கள். உங்கள் ஊரில் ஊசி டப்பாவை எங்கே ஒப்படைப்பது என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.