தரைக் குளிரும் காட்டுப் படுக்கையும்

மலைக்காட்டில் இரவு தங்கச் செல்வோர் பலர், விலையுயர்ந்த உறக்கப்பையை வாங்கிவிட்டு, அதன் கீழே விரிக்கும் மெத்தையைப் பற்றிச் சிந்திப்பதேயில்லை. உடலின் பாரத்தால் பையின் அடிப்புறத்து இறகு நசுங்கிவிடும். இறகினிடையே காற்று தங்காவிடின் வெப்பமும் தங்காது. குளிர்ந்த தரை இரவெல்லாம் உடற்சூட்டைக் கவர்ந்துகொண்டேயிருக்கும். எனவே, மெத்தையின் முதற்பணி மென்மை தருவதன்று, இவ்விழப்பைத் தடுப்பதேயாகும்.

இத்தடுப்பாற்றலை ‘ஆர்’ எண்ணாற் குறிப்பர். எண் உயர உயரக் காப்பும் உயரும். 2018ஆம் ஆண்டிலேதான் இதனை அளப்பதற்குரிய பொதுமுறையொன்று அமெரிக்காவில் வகுக்கப்பட்டது.

அந்நாட்டின் ரொக்கி மலைகளிலே இலையுதிர்காலத்தில் எல்க் மான் வேட்டைக்குச் செல்வோர், வீதியிலிருந்து நெடுந்தூரம் தம் சுமையைத் தாமே சுமந்து நடப்பர். உறைபனி விழும் அவ்விரவுகளுக்கு 4க்குக் குறையாத எண் வேண்டும். காற்றடைக்கும் மெத்தை இலேசானது. சுருட்டினால் தண்ணீர்ப் போத்தலளவே இருக்கும். ஆனால், ஒரு முள் தைத்தால் வெறுந்தரைதான் கதி! நுரை விரிப்போ பருமனானது, எண்ணும் ஏறத்தாழ 2தான்; எனினும் கிழிந்தாலும் உழைக்கும். நுரையைக் கீழும் காற்றுமெத்தையை மேலுமாக இடுவதே என் தெரிவு. முள்ளுக்கும் காவலாகும், 2உம் 3உம் சேர்ந்து 5 என எண்களும் கூடும்.

நமது ஹோட்டன் சமவெளியிலும், ஆண்டின் தொடக்க மாதங்களில், தரையிலே உறைபனி படிவதுண்டு. அங்கே வேட்டைக்கு இடமில்லை, கூடாரமிட்டுத் தங்கலாம். திண்ணைக்கேற்ற பன்பாய் அத்தரைக்குப் போதாது. காற்றுமெத்தை கொண்டுசெல்வோர், புறப்படுமுன் அதனை வீட்டில் ஓரிரவு நிரப்பிவைத்து, விடியலில் தளர்ந்திருக்கிறதா எனப் பார்த்துக்கொள்க.