உழவு இயந்திரத் துளைகருவியால் நேரான தூண் கிடங்கு தோண்டும் முறை

வயலைச் சுற்றி முட்கம்பி வேலி அடைக்கும் கமக்காரருக்கும், பாகல், புடலை முதலிய கொடிகளுக்குப் பந்தல் போடும் தோட்டக்காரருக்கும் பொதுவான வேலை தூண் நாட்டுதலாகும். தூண் ஒன்று சாய்ந்தால் அதன் இரு மருங்கிலும் கம்பி தளர்ந்துவிடும். தளர்ந்த இடத்தைக் கட்டாக்காலி மாடுகள் விரைவில் கண்டுகொள்ளும். ஒரு போகத்தின் உழைப்பு ஓர் இரவில் அழிந்துபோக அந்த ஓர் இடைவெளி போதும்.

அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு கிடங்கு தோண்டுவது கடினமான வேலை. ஆதலால் உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் பூட்டும் துளைகருவியை இன்று பலர் வாடகைக்கு அமர்த்துகின்றனர். இக்கருவி சில நிமிடங்களில் ஒரு கிடங்கைத் தோண்டிவிடும். ஆனால் முறை அறியாது பயன்படுத்தினால் கிடங்கு சாய்வாக அமையும். சாய்வைக் கண்டதும் கருவியைக் கையால் தள்ளி நிமிர்த்த முயல்வோரும் உளர். உயிருக்கே ஆபத்தான பழக்கம் அதுவே. கிடங்கை நேராக்க வேண்டியது உழவு இயந்திரத்தை நகர்த்தியே. மனிதர் கை கருவியில் படலாகாது. இதை முதலில் மனத்திற் கொள்ளுங்கள்.

கருவியின் அமைப்பு

தச்சர் மரம் துளைக்கும் துறப்பணத்தைப் போன்ற பெரிய திருகுத் தண்டே இக்கருவியின் முக்கிய பாகம். அதன் அடியில் ஒரு கூர்முனையும், மண்ணை வெட்டும் அலகுகளும் உண்டு. தண்டின் மேல் முனை ஒரு கியர்ப்பெட்டியிற் பொருத்தப்பட்டிருக்கும். கியர்ப்பெட்டி ஒரு நீண்ட இரும்புக் கையின் நுனியில் தடையின்றி ஆடும்படி தொங்கும். இந்தக் கையை உழவு இயந்திரத்தின் இணைப்புக் கைகள் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும். சுழலும் வலு, 'பி.ரி.ஓ.' என்று சாரதிகள் கூறும் பின்புறத் தண்டிலிருந்து கிடைக்கிறது.

கிடங்கு ஏன் சாய்கிறது?

கிணற்றுத் துலாவைக் கவனித்துப் பாருங்கள். அதன் நுனி இறங்கும்போது நேர்க்கோட்டிற் செல்வதில்லை. வளைவான வழியிலேயே செல்லும். துளைகருவியின் கையும் அப்படியே இயங்குகிறது. கூர்முனை நிலத்தைத் தொடும்போது கையின் நுனி அதன் அடியைவிட உயரமாக இருக்கும். அங்கிருந்து மட்டநிலைக்கு இறங்கும்வரை நுனி உழவு இயந்திரத்தை விட்டு விலகிச் செல்லும். மட்டநிலையைத் தாண்டியபின் உழவு இயந்திரத்தை நோக்கித் திரும்பி வரும். 5 அடி நீளமான கையொன்று, மட்டநிலைக்கு 15 அங்குலம் மேலேயிருந்து இறங்கி மட்டத்தை அடையும்போது, அதன் நுனி ஏறக்குறைய 2 அங்குலம் விலகிவிடும். கீழ்முனை மண்ணிற் பிடிபட்டு நிற்க, மேல்முனை மாத்திரம் விலகுவதால் திருகுத் தண்டு சாய்கிறது, கிடங்கும் சாய்கிறது.

வேறு காரணங்களும் உள. உழவு இயந்திரம் சரிவான நிலத்தில் நிற்றல், பின் ரயர்கள் இரண்டிலும் காற்று சமமாக இல்லாமை, இணைப்புக் கைகளில் ஒன்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருத்தல் ஆகியவை பக்கவாட்டிற் சாய்வை உண்டாக்கும். தேய்ந்த கூர்முனையும், ஒன்றுக்கொன்று சமமில்லாத வெட்டலகுகளும் தண்டை ஒரு பக்கம் இழுக்கும். கல்லும் வேரும் தண்டைத் திசைமாற்றும்.

தொடங்குமுன் செய்யவேண்டியவை

முதலில் வேலியின் இரு கோடிகளிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். நூலின் வழியே 8 அல்லது 10 அடிக்கு ஒன்றாகச் சிறு முளைகள் அடித்து, கிடங்கின் நடுவிடத்தைக் குறியுங்கள். கருவியை இயக்குமுன் நூலை முற்றாக அவிழ்த்துச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். சுழலும் தண்டிற் சிக்கிய நூல் அருகில் நிற்பவரையும் இழுத்துச் செல்லும்.

பின்னர் ஒவ்வொரு முளையையும் பிடுங்கி, அவ்விடத்தில் மண்வெட்டியால் 3 அல்லது 4 அங்குல ஆழத்துக்குச் சிறு குழி வெட்டுங்கள். கூர்முனை வழுக்கி விலகாமல் இருக்க இது உதவும். நிலத்தடியில் நீர்க்குழாயோ மின்வடமோ செல்கிறதா என்று விசாரித்து அறியுங்கள்.

வடக்கிலும் கிழக்கிலும், 2009ஆம் ஆண்டு முடிவடைந்த போர் நடைபெற்ற பிரதேசங்களில் நிலமுள்ளோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிசெய்யப்படாத நிலத்தில் ஒரு கிடங்கேனும் தோண்டலாகாது. ஐயம் இருப்பின் கிராம அலுவலரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே தொடங்குங்கள்.

துளைக்கும் முறை

1. உழவு இயந்திரத்தை இயன்றவரை மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். சரிவான நிலமாயின் தாழ்ந்த பக்கத்துச் சில்லின் கீழ் மண்ணிட்டு மட்டப்படுத்தி, அதன்பின் கருவியைக் கொண்டுவாருங்கள்.

2. திருகுத் தண்டைச் சுழற்றாமல் தாழ்த்தி, கூர்முனை குழியின் நடுவில் வரும்படி செய்யுங்கள். தண்டு தடையின்றித் தொங்கும்போது தானே நேராக நிற்கும்.

3. இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுத் தண்டைச் சுழற்றுங்கள். வேகம் கூடினால் தண்டு திருகாணி போல மண்ணுள் ஏறி இறுகிவிடும்.

4. ஒருமுறைக்கு 6 அங்குலம் முதல் 1 அடி வரை மாத்திரமே துளையுங்கள். பின்பு தண்டை மெதுவாக உயர்த்தி, மண்ணை வெளியேற்றி, மீண்டும் தாழ்த்துங்கள்.

5. உதவியாள் ஒருவர் 25 அடிக்கு அப்பால், உழவு இயந்திரத்தின் பக்கவாட்டில் நிற்கவேண்டும். அவர் கையை நீட்டித் தூக்குக்குண்டு நூலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, திருகுத் தண்டு நூலுக்கு ஒத்து நிற்கிறதா என்று பார்க்கட்டும். கிட்ட வராமலே சாய்வை அறிய இது நல்ல வழி. பின்புறத்தில், அதே தூரத்தில் நின்றும் ஒருமுறை பார்ப்பது நன்று.

6. சாய்வு தெரிந்தால் உதவியாள் கையைக் காட்டுவார். சாரதி தண்டின் சுழற்சியை நிறுத்தவேண்டும். தண்டின் மேல்முனை உழவு இயந்திரத்தை விட்டு விலகிச் சாய்ந்திருந்தால், உழவு இயந்திரத்தை ஓரிரு அங்குலம் முன்னே நகர்த்துக. உழவு இயந்திரத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால், அவ்வளவு தூரம் பின்னே நகர்த்துக. பெரும்பாலும் துளையின் முற்பாதியில் முன்னேயும், பிற்பாதியில் பின்னேயும் நகர்த்த வேண்டியிருக்கும். தண்டு நிமிர்ந்தபின் துளைத்தலைத் தொடருங்கள்.

மண்ணின் தன்மை

வரண்ட வலயத்துச் செங்கபில மண் காய்ந்தால் கல்போல் இறுகும், நனைந்தால் ஒட்டும். மாரி மழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது துளைப்பதே உகந்தது. முருங்கன் பகுதியிற் காணப்படும் கரிய களிமண்ணில் தண்டு எளிதில் இறுகும். ஆதலால் ஒருமுறைக்கு 6 அங்குலத்துக்கு மேற் செல்லாதீர்கள். கரையோர மணலில் கிடங்கின் சுவர் சரியும். அங்கே தோண்டிய உடனேயே தூணை நாட்டுங்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணின் கீழ்ச் சுண்ணாம்புக்கல் ஆழமின்றிக் கிடக்கும் இடங்கள் பல. கல்லிற் பட்டதும் துளைத்தலை நிறுத்திவிட்டு, மிகுதியை அலவாங்கால் உடையுங்கள்.

தண்டு இறுகினால்

தண்டு மண்ணில் இறுகியபோது தூக்கியின் முழு வலுவையும் கொடுத்து இழுக்க வேண்டாம். உழவு இயந்திரத்தின் முன்சில்லுகள் கிளம்பிவிடும். பி.ரி.ஓ. தொடர்பைத் துண்டித்து, இயந்திரத்தை நிறுத்தி, சாவியைக் கழற்றிக்கொள்ளுங்கள். அதன்பின் பெரிய பைப் ரெஞ்சினால் தண்டைப் பின்புறமாகத் திருப்பி விடுவியுங்கள்.

அதிக பாரம் ஏற்பட்டால் அறுந்துபோகும்படி ஒரு போல்ட் கருவியில் வைக்கப்பட்டுள்ளது. அது அறுந்தால் கருவி தப்பியது என்பது பொருள். அதற்குப் பதிலாக உறுதி கூடிய போல்டையோ, தலை வெளியே நீட்டி நிற்கும் நீண்ட போல்டையோ பூட்டலாகாது. நீட்டி நிற்கும் போல்ட் உடையைப் பற்றும்.

உயிர்ச்சேதம் நேராதிருக்க

பி.ரி.ஓ. தண்டு அதற்குரிய முழு வேகத்தில் நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 9 முறை. இரண்டரை அங்குலக் கனமுள்ள தண்டு ஒன்று, தன்னிற் பட்ட சாரத்தையோ சேலையையோ ஒரே வினாடியில் ஏறக்குறைய 6 அடி சுற்றி இழுத்துவிடும். கையை விடுவித்துக்கொள்ள நேரம் கிடையாது. அரைவேகத்தில் ஓடினும் நிலை அதுவே. ஆகவே,

தொங்கும் உடை, சால்வை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றுடன் கருவியை அணுகாதீர்கள். தண்டின் மேலுள்ள காப்புறை இல்லாத கருவியை வாடகைக்கு எடுக்காதீர்கள். மண் கடினமென்று கருவியின் கைமேல் ஆளை ஏற்றிப் பாரம் கொடுக்காதீர்கள். சாரதி இருக்கையை விட்டு இறங்குமுன் சுழற்சியை முற்றாக நிறுத்தவேண்டும். பிள்ளைகளை வேலைத்தலத்துக்கு வரவிடாதீர்கள்.

தூணை நாட்டுதல்

ஏழடித் தூணுக்கு 2 அடி ஆழமும், கம்பியின் இழுவை முழுவதையும் தாங்கும் மூலைத் தூணுக்கு 3 அடி ஆழமும் வேண்டும். கிடங்கின் அகலம் தூணின் கனத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்காக இருப்பின், மண்ணிட்டு இடிக்க இடம் கிடைக்கும். தூணை நிறுத்தித் தூக்குக்குண்டால் இரு பக்கமும் பார்த்து, 6 அங்குலத்துக்கு ஒருமுறை மண்ணிட்டு நன்றாக இடித்து இறுக்குங்கள். களிமண்ணில் கிடங்கின் சுவர் வழுவழுப்பாக மெழுகப்பட்டிருந்தால், அலவாங்கால் சுவரைக் கீறிவிட்டு மண்ணிடுங்கள்.

அன்று தூண் நாட்ட இயலாத கிடங்குகளைப் பலகையாலோ மரக்கட்டைகளாலோ மூடிவைத்தல் அவசியம். திறந்த கிடங்கில் கன்றின் கால் முறியும். சிறு பிள்ளையும் விழக்கூடும்.

உங்கள் நிலத்தின் மண்ணுக்கு எக்கருவி பொருந்தும் என்பதைப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம். நேரான கிடங்கு, நேரான தூண், தளராத கம்பி, காயமின்றி வீடு திரும்பும் ஆட்கள்: வேலி அடைத்த நாளின் பயன் இந்நான்குமே.